குறுந்தொட்டி வண்டியும் ஐந்தாஞ் சக்கர இணைப்பும்

இரண்டு பொருள்களைக் கூட்டி ஒரு வேலை கொள்ள விரும்புவோர் அவ்விரண்டின் வன்மையையும் தனித்தனியே ஆராய்வர். அவை ஒன்றோடொன்று கூடும் இடத்தின் வன்மையை ஆராய்வோரோ சிலரே. எருதுகள் கொழுத்திருக்கலாம், ஏரும் நுகமும் வைரம் பாய்ந்தனவாயிருக்கலாம். பூட்டாங்கயிறு அறுமாயின் உழவு அங்கேயே நின்றுபோம். எந்திரங்களின் உலகிலும் இவ்வுண்மை மாறுவதில்லை. இழுக்கும் வண்டி ஒன்று, இழுபடும் வண்டி ஒன்று, இடையே உள்ள இணைப்பு ஒன்று என்னும் மூன்றனுள், விலையாற் குறைந்ததும் பொறுப்பால் மிகுந்ததும் இணைப்பேயாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் குடும்பத்தோடு நெடும்பயணம் செல்வோர் பலர், வீடு போன்ற இழுவண்டி ஒன்றைத் தம் பிக்கப் வண்டியின் பின்னே பூட்டிக்கொண்டு செல்வது பெருவழக்கு. படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் அவ்விழுவண்டிக்குள் அடங்கும். அவற்றுள் பெரியவற்றை இழுப்பதற்குரிய கருவிக்கு 'ஐந்தாஞ் சக்கர இணைப்பு' என்று பெயர். ஆங்கிலத்தில் அதனை ஹிட்ச் என்பர். இக்கருவியைக் குறுகிய தொட்டியுடைய பிக்கப் வண்டிக்குத் தேர்ந்தெடுக்குங்கால் கவனிக்கத்தக்கவை யாவை என்பதை இக்கட்டுரையில் நாம் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். இது வெறும் வாணிபச் செய்தியன்று. கணிதத்தில் கோணமும், பௌதிகத்தில் நெம்புகோலும் கற்ற மாணவர், அக்கல்வி நடுச்சாலையில் உயிர்காக்கும் விதத்தை இதன்கண் காணலாம்.

பெயரும் பிறப்பும்

நான்கு சக்கரமுடைய வண்டியில் ஐந்தாவது சக்கரம் எங்கிருந்து வந்தது என்று வினவலாம். குதிரை பூட்டிய நாற்சக்கரக் கோச்சு வண்டிகளில், முன்னச்சு இருபுறமும் திரும்புதற்பொருட்டு, அவ்வச்சின்மேல் இரும்பு வளையம் ஒன்றைப் படுக்கையாகப் பதித்திருந்தனர். ஏனைய நான்கும் நின்று உருள, இஃதொன்று கிடந்தவாறே சுழன்றமையால் இதனை ஐந்தாஞ் சக்கரம் என்றனர். மோட்டார் வண்டி வந்தபின் அப்பெயர், இழுக்கும் வண்டியின் முதுகின்மேல் இழுவண்டியின் முன்பாகத்தைத் தாங்கிச் சுழலவிடும் தட்டுக்கு ஆயிற்று.

1914-ஆம் ஆண்டில் டிட்ராயிட் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்துவந்த ஆகஸ்ட் புரூகாப் என்பவர், மரவணிகர் ஒருவரின் படகை ஏற்றிச் செல்லும்பொருட்டு, போர்டு மாடல்-டி வண்டியின் பின்னே பூட்டத்தக்க இழுவண்டி ஒன்றைச் செய்தார். அதன் முன்பாரம் மோட்டாரின்மேலும் பின்பாரம் தன் சக்கரங்களின்மேலும் தங்கியமையால், அதனை அரை இழுவண்டி என்னும் பொருள்படச் 'செமி டிரெய்லர்' என்றார். இன்று உலகெங்கும் ஓடும் பெரும்பார லாரிகளின் குலம் இவ்வாறு பெருகியது. விமானத் துறையில் பெயர்பெற்ற கிளென் கர்ட்டிஸ் என்பவர், 1920-களின் பிற்பகுதியில் பிளோரிடாவில் 'ஏரோகார்' என்னும் பயண வீடுகளைச் செய்வித்தபோது, காற்றடைத்த விமான டயர் ஒன்றைப் படுக்கையாக வைத்து அதையே இணைப்பாக்கினார். இழுவண்டியின் அதிர்ச்சி மோட்டாருக்குச் செல்லாதிருக்க அவர் கண்ட வழி அது.

அச்சின்மேற் பாரம்

சாதாரண இழுவண்டியை மோட்டாரின் பின்முனையில் உள்ள குண்டில் மாட்டுவர். ஐந்தாஞ் சக்கர இழுவண்டியை அங்ஙனம் மாட்டுவதில்லை. அதன் முன்பகுதி பிக்கப் வண்டியின் தொட்டிக்கு மேலாக நீண்டு வரும். அந்நீட்சியின் அடியில் கிங்பின் எனப்படும் தடித்த எஃகு முளை ஒன்று கீழ்நோக்கி நிற்கும். பயண வீடுகளில் அம்முளையின் குறுக்களவு 2 அங்குலம். தொட்டியின் நடுவே பொருத்திய இணைப்புக் கருவியின் தாடைகள் அம்முளையைக் கவ்விக்கொள்ளும்.

முளை நிற்கும் இடம் பின்னச்சுக்கு நேர் மேலாகவேனும் அதற்கு ஓரிரு அங்குலம் முன்னாகவேனும் இருத்தல்வேண்டும். இதன் காரணத்தை நம் நாட்டு மாட்டுவண்டிக்காரர் எவரும் நன்கறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகம் எருதுகளின் கழுத்தைவிட்டு மேலெழும்பும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தை நெரிக்கும். பிக்கப் வண்டியிலும் அவ்வாறே. முளை அச்சுக்குப் பின்னே சென்றால், அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, வண்டியின் முன்பக்கம் இலேசாகும். திசைதிருப்பும் சக்கரங்கள் முன்னே இருத்தலால், அவை தரையை உறுதியாகப் பற்றாவிடின் வளைவுகளில் வண்டி ஓட்டுபவன் சொற்படி கேளாது. இழுவண்டி ஆடத் தொடங்கின் அவ்வாட்டம் நெம்புகோலின் நீளத்திற்கேற்ப மிகும். முளை அச்சின்மேல் நிற்பின் இவ்விரு தீமையும் நீங்கும். ஐந்தாஞ் சக்கர இழுவண்டி பெருங்காற்றிலும் அமைதியாகப் பின்தொடர்வதற்கு இதுவே முதற்காரணம்.

குறுமையால் வரும் இடர்

பிக்கப் வண்டியின் தொட்டி பல நீளங்களில் வருகின்றது. நெடுந்தொட்டி 8 அடி. குறுந்தொட்டி ஏறத்தாழ 6½ அடி. அதனினும் குறுகியது 5½ அடி. தொட்டி குறுகின் ஓட்டுபவர் இருக்கும் அறை நீளலாம். பின்னிருக்கையில் குழந்தைகள் கால்நீட்டி அமரலாம். ஊருக்குள் வண்டியை நிறுத்துவதும் எளிது. ஆதலின் குடும்பத்தார் பலர் குறுந்தொட்டியையே விரும்பி வாங்குகின்றனர். இழுவண்டி வாங்கும் எண்ணம் பெரும்பாலும் பின்னரே தோன்றுகிறது. அப்போதுதான் இடரும் தோன்றும்.

அவ்விடர் யாதெனின், முளைக்கும் ஓட்டியறையின் பின்சுவருக்கும் இடையேயுள்ள தூரம் போதாமையே. நெடுந்தொட்டி வண்டியில் அறையின் பின்சுவரிலிருந்து பின்னச்சு ஏறத்தாழ 56 அங்குலத்தில் இருக்கும். குறுந்தொட்டியில் அது 40 அங்குலத்தை ஒட்டியே நிற்கும். வண்டிதோறும் இவ்வளவு சிறிது வேறுபடும். இனி இழுவண்டியின் அகலத்தை நோக்குவோம். பெரிய இழுவண்டிகள் 96 அங்குலம் முதல் 102 அங்குலம்வரை அகலமுடையன. முளை அவ்வகலத்தின் நட்டநடுவில் இருத்தலால், முளையிலிருந்து பக்கச் சுவர் 48 முதல் 51 அங்குலம் விலகியிருக்கும்.

இழுவண்டி நேரே பின்தொடரும்போது தொல்லையில்லை. பிக்கப் வண்டி ஒருபுறம் திரும்பத் திரும்ப, இழுவண்டியின் முன்மூலை ஒன்று ஓட்டியறையை நோக்கி நெருங்கிவரும். இரண்டும் செங்கோணமாக நிற்குமாயின், இழுவண்டியின் பக்கச் சுவர் முளைக்கு முன்னே 51 அங்குலம் வந்துவிடும். நெடுந்தொட்டியில் 56 அங்குல இடம் இருத்தலால் 5 அங்குலம் எஞ்சும். குறுந்தொட்டியில் இருப்பது 40 அங்குலமே. எஞ்சிய 11 அங்குலத்திற்கு இழுவண்டி எங்கே செல்லும்? ஓட்டியறையின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுவதன்றி வேறு வழியில்லை. அக்கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் பின்னிருக்கைக் குழந்தைகள் என்பதை நினைவிற் கொள்ளுக.

எக்கோணத்தில் இம்மோதல் நிகழும் என்பதையும் கணக்கிடலாம். முன்முகம் சதுரமாகவும் முளையின் நேர்க்கோட்டிலும் இருப்பதாகக் கொள்வோம். 51-ஐ அக்கோணத்தின் சைனால் பெருக்க 40 வருமாயின் மூலை அறையைத் தொடும். அக்கோணம் ஏறத்தாழ 52 பாகை. பெருஞ்சாலையில் இவ்வளவு கூரிய திருப்பம் நேர்வதில்லை. எரிபொருள் நிலையத்தில் திரும்பும்போதும், மரங்களிடையே உள்ள கூடார நிலத்தில் பின்னோக்கிச் செலுத்தும்போதுமே நேரும். பின்னோக்கிச் செல்வோன் கண்ணாடிகளில் இழுவண்டியின் பின்முனையை நோக்கிக்கொண்டிருப்பான். அவன் தலைக்குப் பின்னே மூலை நெருங்குவதை நோக்கான். மெல்ல நிகழும் மோதலாயினும் தகடு நசுங்கிக் கண்ணாடி நொறுங்குதல் திண்ணம்.

இடர் நீக்கும் வழிகள்

இவ்விடரை நீக்க நான்கு வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, இழுவண்டியின் உருவத்தையே மாற்றியமைத்தல். அண்மைக்காலத்து இழுவண்டிகள் பலவற்றின் முன்மூலைகள் சதுரமாக இராமல் வளைந்து குழிந்திருக்கும். முளையைத் தாங்கும் பெட்டியும் முன்னோக்கி நீண்டிருக்கும். முன்முகம் முளைக்கு 12 அங்குலம் பின்னே இருக்குமாயின், மேற்கூறிய கணக்கின்படி மோதும் கோணம் 52 பாகையிலிருந்து ஏறத்தாழ 63 பாகையாக உயரும். மூலை வளைந்திருப்பின் இன்னும் சிறிது உயரும். ஆயினும் முழுச் செங்கோணத்திற்கு இது போதாது. 'குறுந்தொட்டிக்கு ஏற்றது' என்று விற்பவர் கூறும் சொல்லை நம்பி வாளாவிராமல், அளவுகோலைக் கையிலெடுத்து அளத்தல் வேண்டும்.

இரண்டாவது, கையால் நகர்த்தும் இணைப்பு. இதன் தலை தண்டவாளம்போன்ற இரண்டு சட்டங்களின்மேல் 10 முதல் 14 அங்குலம்வரை பின்னே நகரும். சாலையிற் செல்லும்போது தலை அச்சின்மேல் பூட்டப்பட்டிருக்கும். கூரிய திருப்பத்திற்குமுன் ஓட்டுபவன் வண்டியை நேராக நிறுத்தி, இறங்கிப் பூட்டை விடுவித்து, இழுவண்டியின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, பிக்கப்பை மெல்ல முன்னே செலுத்துவான். இழுவண்டி நிற்க, பிக்கப் முன்செல்லத் தலை பின்னே நகர்ந்து பூட்டிக்கொள்ளும். 40 அங்குலம் 12 கூடி 52 ஆகும். அகலத்திற் பாதியாகிய 51-ஐ அது ஓரங்குலத்தால் வெல்லும். அவ்வோரங்குலம் ஏட்டிற்குப் போதும். மேடுபள்ளமான நிலத்திற்குப் போதாது. ஆதலின் 14 அங்குலம் நகர்வதைக் கொள்ளுதல் நன்று. வேலை முடிந்தபின் பின்னோக்கிச் செலுத்தித் தலையை மீண்டும் அச்சின்மேற் பூட்டுதல் வேண்டும். பின்னே நகர்ந்த நிலையில் பெருஞ்சாலையிற் செல்லலாகாது. மேலே கூறிய பின்பாரக் கேடு அப்போது வந்துசேரும். இவ்விணைப்பின் குறை கருவியிலன்று, மனிதனின் மறதியில் உள்ளது. மழையில் இரவில் களைத்து வந்தவன், 'இவ்வொருமுறை வேண்டா' என்று இறங்காமல் இருந்துவிடுவான். அவ்வொருமுறையே கண்ணாடிக்கு விலையாகும்.

மூன்றாவது, தானே நகரும் இணைப்பு. இழுவண்டியின் முளையடியில் தகடு ஒன்றைப் பொருத்துவர். அத்தகடு இணைப்பின் தலையை இறுகப் பற்றி, இழுவண்டி திரும்பும் அளவிற்குத் தலையையும் திருப்பும். தலையின் அடியில் உள்ள வளைவுப் பாதை அச்சுழற்சியைப் பின்னோக்கிய நகர்ச்சியாக மாற்றும். திருப்பம் கூடக்கூடத் தலை பின்னே செல்லும். வண்டி நேராக நேராகத் தானே அச்சின்மேல் மீளும். ஓட்டுபவன் இறங்கவேண்டுவதில்லை, மறத்தற்கு இடமுமில்லை. புல்ரைட் நிறுவனத்தாரின் சூப்பர்கிளைடு இவ்வகையிற் பெயர்பெற்றது. விலையும் எடையும் மிகுதியாதலும், இழுவண்டி மாறினால் அதற்கேற்ற தகடு வேண்டுதலும் இதன் குறைகள்.

நான்காவது, சுழலும் இடத்தையே பின்னுக்குத் தள்ளுதல். இழுவண்டியின் முளைப்பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொரு பெட்டி பொருத்துவர். முளை தாடையில் அசையாமல் ஆப்பு ஒன்றால் இறுக்கப்படும். உண்மையான சுழற்சி முளைக்கு ஏறத்தாழ 20 அங்குலம் பின்னே, பெட்டியில் உள்ள தட்டில் நிகழும். 40 அங்குலம் இதனால் 60 ஆகிறது. நேரே செல்லும்போது பாரம் அச்சின்மேலேயே தங்கும். ரீஸ் நிறுவனத்தாரின் சைடுவைண்டர் இவ்வகையினது. இதனைக் கொள்வோர் சாதாரண நகராத இணைப்பையே தொட்டியில் வைக்கலாம். எனினும் முளைப்பெட்டி இழுவண்டிச் சட்டத்திற்கு ஏற்றதா என்பதை அதனைச் செய்தவரிடமே எழுத்தில் கேட்டறிதல் வேண்டும்.

இவையன்றி, தொட்டியின் தரையில் உள்ள குண்டில் பூட்டுதற்காக இழுவண்டியின் முளையில் நீண்ட கழுத்து ஒன்றை மாட்டுவோரும் உளர். கழுத்து நீளுந்தோறும் நெம்புவிசை மிகுந்து இழுவண்டியின் சட்டத்தை வருத்தும். இழுவண்டி செய்தோர் சிலர் அக்காரணத்தால் தம் உத்தரவாதத்தை மறுப்பதும் உண்டு. ஆதலின் முன்னறிந்து செய்க.

எடைக் கணக்கு

இணைப்பின் நகர்ச்சியை ஆராய்வோர் பலர், அதனினும் முதன்மையான எடையை ஆராயாது விடுகின்றனர். இணைப்புகள் 16,000, 20,000, 25,000 இராத்தல் எனப் பல வன்மைகளில் விற்கின்றன. இழுவண்டி வெறுமையாக இருக்கும்போதுள்ள எடையை நோக்காமல், அது முழுதும் நிரம்பியபோது பெறத்தக்க பேரெடையை நோக்கி, அதனினும் மேற்பட்ட வன்மையுடையதையே கொள்ளல்வேண்டும். தண்ணீர், பாத்திரம், உணவு, துணி யாவும் பின்னர் ஏறுவனவே.

ஆயினும் 25,000 இராத்தல் இணைப்பை வாங்கியமையால் பிக்கப் வண்டி அவ்வளவு தாங்கும் என்பதில்லை. ஐந்தாஞ் சக்கர இழுவண்டி தன் எடையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்குவரை முளையின் வழியே பிக்கப்பின்மேல் சுமத்தும். நூற்றுக்கு 20 என்று கொள்வோம். 12,000 இராத்தல் இழுவண்டி 2,400 இராத்தலை முளையில் வைக்கும். இணைப்பின் எடை 200, பெற்றோரும் பிள்ளைகள் இருவருமாக 500, கருவிகள் 100. ஆக 3,200 இராத்தல். பிக்கப் வண்டியின் ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டிய சீட்டில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இன்ன எடைக்கு மேற்படலாகாது என்று அச்சிட்டிருக்கும். அச்சீட்டு 2,700 என்று கூறுமாயின், நம் குடும்பம் 500 இராத்தல் மிகையாகச் சுமந்து செல்கிறது. விளம்பரத்தில், 'இவ்வண்டி 15,000 இராத்தல் இழுக்கும்' என்று கூறியிருப்பினும் இக்கணக்கு மாறாது. இழுத்தல் வேறு, சுமத்தல் வேறு.

இக்கணக்கைத் தலைகீழாகச் செய்து பார்ப்பதே அறிவுடைமை. 2,700-இல் ஆட்கள், கருவி, இணைப்பு ஆகிய 800-ஐக் கழிக்க, முளைக்கு 1,900 எஞ்சும். அது நூற்றுக்கு 20 எனின், அவ்வண்டிக்குரிய இழுவண்டி 9,500 இராத்தலே. இதனை இழுவண்டி வாங்குமுன் அறிந்தால் பணமும் மனமும் நோவா. வாங்கியபின் அறிந்தால், வண்டியை மாற்றுதல் அல்லது அச்சத்தோடு ஓட்டுதல் என்னும் இரண்டில் ஒன்றே வழி. பின்னச்சின் தாங்கெடை, டயர்களின் தாங்கெடை, இரு வண்டிகளும் கூடிய பேரெடை ஆகிய மூன்றும் அவ்வாறே வரம்புடையன. அந்நாட்டில் பார லாரிகள் தங்குமிடங்களில் எடைமேடைகள் உண்டு. சிறுகட்டணம் கொடுத்து ஒவ்வோர் அச்சின் எடையையும் அறிந்துகொள்ளலாம். ஊகம் நூறு செய்வதினும் ஒருமுறை நிறுப்பது மேல்.

பொருத்துமுறையும் உயரமும்

இணைப்பைத் தொட்டியில் மூவகையாகப் பொருத்துவர். தொட்டியின் தரைமேல் இரண்டு குறுக்குச் சட்டங்களை வைத்து, அவற்றைத் தாங்கிகளால் வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்குவது ஒன்று. இணைப்பைக் கழற்றினாலும் சட்டங்கள் தரையில் எஞ்சும். வண்டி செய்யும் ஆலையிலேயே தரையில் குழிகள் அமைத்துத் தருவது மற்றொன்று. அக்குழிகளில் இணைப்பின் கால்களை இறக்கித் திருகினாற் போதும், கழற்றியபின் தரை சமமாயிருக்கும். நடுவில் உள்ள குண்டின் துளையில் ஒரே தூணாக நிறுத்துவது மூன்றாவது. எம்முறையாயினும் விசை அடிச்சட்டத்திற்குச் செல்லவேண்டும். தொட்டியின் மெல்லிய தகட்டில் மட்டும் தங்கலாகாது. ஆலைக் குழிகள் உள்ள வண்டியாயின், நாம் விரும்பும் நகரும் இணைப்பு அக்குழிகளுக்குப் பொருந்துமா என்பதை முன்னரே கேட்க.

உயரத்தையும் நோக்குக. இழுவண்டி தரைக்கு இணையாகச் செல்லல்வேண்டும். முன்புறம் உயர்ந்தால் பின்னச்சுகளுள் பின்னது மிகைப் பாரம் தாங்கும். தொட்டியின் விளிம்புக்கும் இழுவண்டியின் அடிக்கும் இடையே 6 அங்குலமேனும் வெளி இருத்தல்வேண்டும். இன்றேல் பள்ளம் கடக்கையில் விளிம்பு நசுங்கும். இக்காலப் பிக்கப் வண்டிகளின் விளிம்புகள் உயர்ந்திருத்தலால் இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிதாகிறது. இணைப்பின் தலை உயரத்தை மாற்றத்தக்கதாயிருத்தல் அதனால் வேண்டப்படுகிறது. தொட்டியின் முன்னே கருவிப்பெட்டி வைக்கும் வழக்கமுடையோர், இழுவண்டியின் மூலை அதன்மேல் மோதாதா என்பதையும் அளந்தறிக.

தாடையும் பூட்டும் ஒழுங்கும்

தாடைகளுள் முளையை இருபுறமும் சூழ்ந்து கவ்வுவது சிறந்தது. அதில் ஆட்டம் குறையும். ஓட்டமும் நிறுத்தமும் அதிர்ச்சியின்றி நிகழும். தலை முன்பின்னாக மட்டும் அசைவது ஒருவகை. பக்கவாட்டிலும் அசைவது மற்றொருவகை. சமனற்ற நிலத்தில் பூட்டுவோர்க்குப் பின்னதே எளிது.

இனி, எவ்வளவு நல்ல கருவியாயினும் பூட்டுபவன் ஒழுங்கு தவறினால் பயனில்லை. முளை தாடைக்குள் இறங்காமல் அதன்மேலேயே நின்றுவிடுதல் உண்டு. கைப்பிடி பூட்டியதுபோலவே தோன்றும்; வண்டி நகர்ந்ததும் இழுவண்டி தொட்டியின்மேல் விழும். சாலையில் விழுமாயின் பின்வருவோர் உயிர்க்கும் கேடு. ஆதலின் பூட்டியதும் விளக்கொளியில் தாடை முளையைச் சூழ்ந்திருத்தலைக் கண்ணாற் காண்க. பின்னர், இழுவண்டியின் ஊன்றுகால்கள் தரையில் இருக்கும்போதே, அதன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பைச் சிறிது முன்னே இழுத்துப் பார்க்க. முளை நழுவினாலும் ஊன்றுகால்கள் தாங்கிக்கொள்ளும். கால்களை உயர்த்துவது அதன்பின்னரே. இணைப்பு அறும்போது இழுவண்டியின் பிரேக்கைத் தானே பிடிக்கச் செய்யும் கம்பி ஒன்று உண்டு. அதனைப் பிக்கப் வண்டியிற் கட்டுக, இணைப்பின் கைப்பிடியிற் கட்டற்க. இணைப்பே பெயருமாயின் கம்பியும் உடன்பெயர்ந்து பயனற்றுப்போம். முதற்பயணத்தின் பின் திருகாணிகளை எல்லாம் மீண்டும் இறுக்கிப் பார்த்தலும், தட்டிற்குப் பசையிட்டுக் காத்தலும் மறவற்க.

முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஆண்டிற்கு ஓரிருமுறை, திறந்த வெளிகளுக்கே செல்வோர்க்குக் கையால் நகர்த்தும் இணைப்பு போதும். அவர்க்கு வேண்டுவது இறங்கிப் பூட்டும் பொறுமை. வாரந்தோறும் புதிய இடத்தில், மரங்களிடையே, குடும்பத்தோடு தங்குவோர்க்குத் தானே நகர்வது தகும். அதன் மிகைவிலை ஒருமுறை உடையாத கண்ணாடியாற் பெரும்பாலும் ஈடாகும். ஒரே இழுவண்டியை நெடுநாள் வைத்திருக்கும் எண்ணமுடையோர் சுழலிடம் மாற்றும் பெட்டியைக் கருதலாம். முழு எடையும் 5½ அடித் தொட்டியுமுடைய சிறுவண்டி வைத்திருப்போரோ, இணைப்பைத் தேடுமுன் தம் கதவு நிலையில் உள்ள சீட்டை மும்முறை படித்தல் நன்று. அவர்க்கு எவ்விணைப்பும் வாங்காதிருத்தலே சிறந்த தேர்வாகவும் கூடும்.

தேர்வின் ஒழுங்கு பெரும்பாலோர் பின்பற்றும் ஒழுங்குக்கு நேர்மாறானது என்பதைப் படிப்போர் கண்டிருப்பர். அவர்கள் முதலில் அழகிய இழுவண்டியை விரும்பி, அடுத்து இணைப்பை வாங்கி, இறுதியில் வண்டி தாங்குமா என்று வினவுகின்றனர். அறிவுடையோர் முதலில் வண்டி எவ்வளவு சுமக்கும் என்று கண்டு, அதற்கேற்ற இழுவண்டியைத் தேர்ந்து, முளைக்கும் அறைக்கும் இடையே அளவுகோல் பிடித்து, அதன்பின்னரே இணைப்பைக் கேட்பர். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. தன் வன்மையின் எல்லையை முன்னறிந்து அதனுள் நிற்றல் தாழ்வன்று. மலைச் சரிவிலும் பெருமழையிலும் பின்னிருக்கைப் பிள்ளைகள் அஞ்சாது உறங்குவது, புறப்படுமுன் ஒருவர் பொறுமையோடு அளந்தும் நிறுத்தும் பார்த்தமையாலேயாம்.